கம்ப்ரஸருக்குள் ஆயில் போகும் வழி: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்த கையோடு கங்கைகொண்டான் சிப்காட்டிலோ, தாழையூத்துப் பக்கமோ, கடற்கரையோரம் ஓர் ஐஸ் கம்பெனியிலோ வேலைக்குச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் ரூமுக்குள் நுழைந்ததும் காது அடைக்கும். யாராவது ஒருவர் உங்கள் கையில் ஆயில் கேனைக் கொடுத்து, "லெவல் பாத்து ஊத்திரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எந்த லெவல், எங்கே ஊற்றுவது, ஊற்றிய ஆயில் உள்ளே எங்கெங்கே போகிறது, இதையெல்லாம் நின்று சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். பிஸ்டன் ஓடும் கம்ப்ரஸர் பற்றி மட்டும்தான் பேச்சு. ஸ்க்ரூ கம்ப்ரஸரின் சங்கதி வேறு.

முதலில், எத்தனை ஆயில்?

மிஷின் முன்னால் போய் நின்றதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதில் ஓடுவது ஒரே ஆயிலா, இரண்டு ஆயிலா?

பஞ்சர் கடையில் இருக்கும் சின்ன கம்ப்ரஸரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பிஸ்டன், அதற்குக் கீழே கனெக்டிங் ராடு, அதற்குக் கீழே கிராங்க், அடியில் ஆயில். பிஸ்டனின் அடிப்பக்கம் கிராங்க் அறையைப் பார்த்துத் திறந்தே இருக்கிறது. கீழே தெறிக்கும் ஆயில் சிலிண்டர் சுவர் வரை தானாக ஏறிவிடும். பேரிங்குக்கும் அதே ஆயில், பிஸ்டன் ரிங்குக்கும் அதே ஆயில்.

பெரிய மிஷின் அப்படி இல்லை. கிராங்க் ஒரு பெட்டிக்குள் இருக்கும். கனெக்டிங் ராடு, நேர்ப்பாதையில் வழுக்கும் கிராஸ்ஹெட் என்ற கட்டையைத் தள்ளும், கிராஸ்ஹெட் நீளமான பிஸ்டன் ராடைத் தள்ளும். நடுவில் ஜன்னல் வைத்த ஒரு வெற்று அறை, அதை டிஸ்டன்ஸ் பீஸ் என்பார்கள். அதையும் தாண்டித்தான் சிலிண்டர். கிராங்க் பெட்டியில் இருக்கும் ஆயில் சிலிண்டருக்குள் போகவே கூடாது. பிஸ்டன் ராடில் ஒட்டிக்கொண்டு வருவதை வைப்பர் ரிங் வழித்துத் திரும்பப் பெட்டிக்கே அனுப்பிவிடும். சிலிண்டருக்குத் தனி ஆயில், தனி பம்ப், தனிக் குழாய்.

ஆகப் பெரிய மிஷினில் இரண்டு ஆயில். ஒன்று போய்த் திரும்பும் ஆயில்: சம்ப்பில், அதாவது அடித்தொட்டியில் கிளம்பி, பேரிங்குகளை நனைத்து, திரும்பச் சம்ப்புக்கே வந்துவிடும். இன்னொன்று போனால் வராத ஆயில்: சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் போய், காற்றோடு கலந்து வெளியேறிவிடும். இந்த இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். போய்த் திரும்பும் ஆயிலுக்குப் பார்க்க வேண்டியது லெவல், பிரஷர், சுத்தம். போனால் வராத ஆயிலுக்குப் பார்க்க வேண்டியது அளவு. ஒன்றுக்குப் பார்க்க வேண்டியதை இன்னொன்றுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இன்னொரு வகையும் உண்டு. மருந்து, உணவு, பாட்டில் செய்யும் இடங்களில் சிலிண்டருக்குள் ஆயிலே இல்லாத கம்ப்ரஸர் வைத்திருப்பார்கள். அதில் ரிங் டெஃப்லான் வகை, தானே வழுக்கும். கிராங்க் பக்கம் மட்டும் ஆயில். அந்த மிஷினில் "ரிங் காயுதே" என்று யாரும் சிலிண்டருக்குள் ஆயில் விட்டுவிடக் கூடாது. தயாரிக்கும் பொருளே பாழாகிவிடும்.

தெறிக்கும் ஆயில்

சின்ன மிஷினில் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு கரண்டிக்காம்பு போல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். டிப்பர் என்று பெயர். கிராங்க் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அது ஆயிலில் அடித்து மேலே தெறிக்கவிடும். பம்ப் இல்லை, ஃபில்டர் இல்லை, பெரும்பாலும் கேஜும் இல்லை. ஆகவே லெவல்தான் எல்லாம். லெவல் ஒரு விரல்கடை இறங்கினால் டிப்பர் காற்றை அடிக்கும், பேரிங் காயும். லெவல் ஏறினால் ஆயில் நுரைத்து, ரிங்கைத் தாண்டி மேலே போய், ஏர் லைன் முழுக்க எண்ணெயாகிவிடும். பெயிண்ட் அடிக்கும் இடத்தில் பெயிண்டில் மீன்கண் மாதிரிப் புள்ளி விழுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

லெவல் பார்க்கும் முறை: மிஷினை நிறுத்தி, ஆயில் வடிந்து இறங்கப் பத்து நிமிடம் விட்டு, லெவல் காட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடியின் நடுவில், அல்லது சிவப்பு வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

துடைத்தாலும் ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. ரொம்ப நாளாக ஒரே லெவலில் நின்ற ஆயில் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பழுப்புக் கோடு போட்டிருக்கும். ஆயில் முழுக்க இறங்கிப்போன பிறகும் அந்தக் கோடு அங்கேயே நிற்கும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அச்சு அசல் ஆயில் லெவல் மாதிரியே தெரியும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. டார்ச் அடித்துப் பார்த்தும் சந்தேகமாக இருந்தால், மிஷின் ஓடும்போது பாருங்கள். உண்மையான ஆயில் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். கோடு அசையாது. மிஷினை நிறுத்த முடிகிற நாளில் அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கழுவி மாட்டிவிடுங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

பம்ப் வைத்த மிஷின்

இங்கே ஆயிலின் வழியை விரலால் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மிஷின் நிற்கும் நாளாகப் பார்த்து, சம்ப்பில் இருந்து ஆரம்பியுங்கள். சம்ப்புக்குள் ஒரு வலை, அதாவது ஸ்ட்ரெயினர். அதிலிருந்து கியர் பம்ப். பெரும்பாலும் கிராங்கின் முனையிலேயே அது மாட்டியிருக்கும். பம்ப்பை அடுத்து, மிஞ்சிய பிரஷரை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு, அப்புறம் கூலர், அப்புறம் ஃபில்டர், அப்புறம் பிரஷர் கேஜ். அங்கிருந்து மெயின் பேரிங். மெயின் பேரிங்கில் இருந்து கிராங்குக்குள்ளேயே துளைத்த வழியாகப் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம். அதிலிருந்து கனெக்டிங் ராடின் நடுவில் துப்பாக்கிக் குழல் மாதிரி நீளமாகத் துளைத்த வழியாகக் கிராஸ்ஹெட் பின். பின்னை நனைத்துவிட்டுக் கிராஸ்ஹெட் வழுக்கும் பாதை. கடைசியில் சொட்டிச் சொட்டித் திரும்பச் சம்ப். மிஷினுக்கு மிஷின் வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் கிராஸ்ஹெட் பக்கம்தான் கடைசி வீடு. தண்ணீர் குறைந்தால் கடைமடைக்குத்தான் முதலில் காயும். நம் தாமிரபரணிக் கால்வாயில் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

பேரிங்குக்குள் என்ன நடக்கிறது? ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, குறுகலான இடுக்குக்குள் ஆப்பு மாதிரி அடித்து நுழைக்கிறது. அந்த ஆப்பின் மேல் ஷாஃப்ட் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அந்த ஆயில் படலம் தலைமுடியைவிட மெல்லியது. ஸ்டார்ட் செய்யும் முதல் சில விநாடிகளில் அந்தப் படலம் இருக்காது. பேரிங் தேய்வதில் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான். அதனால்தான் பெரிய மிஷின்களில் ஸ்டார்ட்டுக்கு முன்பே ஆயில் ஏற்றத் தனி மோட்டார் பம்ப்போ கைப் பம்ப்போ வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டி, கேஜில் பிரஷர் வந்ததைப் பார்த்து, கிராங்கைக் கையால் ஒன்றிரண்டு சுற்று சுற்றிவிட்டு, அப்புறம்தான் மெயின் மோட்டாரைத் தொட வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரஷர் எவ்வளவு இருக்க வேண்டும்? நான் பார்த்த மிஷின்களில் 2 முதல் 4 கிலோ வரை (கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ). உங்கள் மிஷினுக்கு எவ்வளவு என்பதை மேனுவலில் பார்த்து, கேஜ் கண்ணாடியில் பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கேஜ் காட்டுவது ஆயிலுக்கு ஏற்படும் தடையை. எவ்வளவு ஆயில் போகிறது என்பதை அது நேரடியாகக் காட்டாது. கேஜுக்கு அந்தப் பக்கம் குழாய் அடைத்துக்கொண்டால் பிரஷர் ஏறும். பேரிங்குக்கு ஆயில் குறையும். ஏறினாலும் சந்தேகப்பட வேண்டும், இறங்கினாலும் சந்தேகப்பட வேண்டும். மெதுவாக, பல மாதமாக இறங்கிக்கொண்டே வந்தால் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடுகிறது என்று பொருள். ஒரே நாளில் இறங்கினால் ஸ்ட்ரெயினர், லெவல், ரிலீஃப் வால்வு, சூடேறி நீர்த்துப்போன ஆயில் என்று வரிசையாகப் பாருங்கள்.

அப்புறம், ஒரு கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மிஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறது? ஒரு தடவை எங்கள் மோட்டார் ரீவைண்டிங் போய் வந்திருந்தது. நான்தான் ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஆயில் கேஜ் முள் அசையவில்லை. பத்து விநாடியில் நிறுத்தினேன். ஃபில்டரைக் கழற்றினேன், ஸ்ட்ரெயினரைக் கழற்றினேன், பம்ப்பையும் பிரிக்கக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சீனியர் அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பிரஷரே வரமாட்டேங்குது."

"ஏல, வீலு எங்கிட்டு சுத்துச்சுன்னு பாத்தியா? அம்புக்குறி எங்கிட்டு இருக்கு?"

இரண்டு ஃபேஸ் மாறி மாட்டியிருந்தேன். மிஷின் பின்பக்கமாகச் சுற்ற, பம்ப்பும் பின்பக்கமாகச் சுற்றி ஆயிலை இழுக்காமல் இருந்திருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் இழுக்கும் பம்ப்பும் உண்டு, ஆனால் உங்களுடையது அந்த வகையா என்று தெரியாதவரை அம்புக்குறியை நம்புங்கள். கரண்ட் வேலை, மோட்டார் வேலை எது நடந்தாலும் முதலில் ஒரு விநாடி மட்டும் தட்டிப் பார்த்துச் சுற்றும் திசையைச் சரிபாருங்கள்.

ஐஸ் கம்பெனிக் கணக்கு

கடற்கரையோர ஐஸ் கம்பெனிகளில் பெரும்பாலும் அம்மோனியா கம்ப்ரஸர். அதில் ஒரு விசேஷம்: கிராங்க் பெட்டிக்குள்ளும் அம்மோனியா இருக்கும், சக்ஷன் பிரஷரிலேயே, அதாவது கம்ப்ரஸர் உள்ளே இழுக்கும் பக்கத்துப் பிரஷரிலேயே இருக்கும். ஆகவே ஆயில் கேஜ் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு நாள் நான் லாக் புக்கில் "ஆயில் 3 கிலோ, ஓகே" என்று எழுதி வைத்திருந்தேன். அண்ணாச்சி அந்த வரியில் விரலை வைத்து, "சக்ஷன் எவ்வளவு எழுதிருக்க?" என்றார். "ரெண்டு அண்ணாச்சி." "மூணுல ரெண்டு போனா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. பம்ப் உண்மையில் தூக்கிக்கொடுப்பது 1 கிலோதான். அந்த மிஷினுக்குக் குறைந்தது 2 வேண்டும் என்று மேனுவலில் இருந்தது. முறைப்படி மிஷினை நிறுத்தி, வால்வு அடைத்து, அம்மோனியாவை வெளியேற்றிய பிறகு ஸ்ட்ரெயினரை எடுத்தார்கள். வலை மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு பூச்சு. விரலால் உரித்தால் நூல் நூலாக வந்தது. போன தடவை சம்ப்பைத் துடைக்கப் பயன்படுத்திய பனியன் வேஸ்ட்டின் நூல்தான் அது. துடைத்தது நான்.

அன்றிலிருந்து சம்ப்புக்குள் பனியன் வேஸ்ட் போட நான் விடுவதில்லை. பலதடவை துவைத்து நூல் உதிராமல் போன பழைய வேட்டித் துணி இருந்தால் போதும். அம்மோனியாவில் இன்னொன்றும் உண்டு. மினரல் ஆயில் அதோடு அவ்வளவாகக் கலக்காது, திரவ அம்மோனியாவைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கிவிடும். ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரைத் தப்பிப் போன ஆயிலை, திரவ அம்மோனியா சேரும் ரிசீவர் அடியிலும் குளிர்விக்கும் காயில் அடியிலும் அவ்வப்போது வடிக்க வேண்டியிருப்பது அதனால்தான். அந்த வேலையை மாஸ்க் போட்டுக்கொண்டு, அனுபவம் உள்ளவர் கூட நிற்கும்போது மட்டுமே செய்யுங்கள். தனியாக வேண்டாம்.

கேஜ் சரியாக இருந்தும் எரிந்துபோகும் பின்

புதியவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இது எனக்குப் பிடித்த இடம். கிராஸ்ஹெட் பின் முழுதாகச் சுற்றாது, தொட்டில் மாதிரி இங்குமங்கும் ஆடும். சுற்றாததால் மெயின் பேரிங்கில் உருவாகும் அந்த ஆயில் ஆப்பு இங்கே உருவாகாது. பிறகு எப்படிப் பிழைக்கிறது?

இருபக்கமும் அழுத்தும் சிலிண்டரில் ஒரு ஓட்டத்தில் ராடு தள்ளப்படுகிறது, அடுத்த ஓட்டத்தில் இழுக்கப்படுகிறது. தள்ளும்போது பின், அதைச் சுற்றிய புஷ்ஷின் ஒரு பக்கம் சாய்ந்து அழுத்தும், அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் இடைவெளி திறந்து அங்கே ஆயில் புகும். இழுக்கும்போது பின் மறுபக்கம் சாயும், இந்தப் பக்கம் ஆயில் புகும். இப்படி மாறி மாறி அழுத்தம் விழுந்தால்தான் இரண்டு பக்கமும் ஆயில் குடிக்கும்.

இப்போது சிலிண்டரின் ஒரு பக்கத்து வால்வு உடைந்துவிட்டது, அல்லது யாரோ லோடு குறைக்க ஒரு பக்கத்தை மட்டும் காற்றை அழுத்தாதபடி அன்லோடு செய்து ரொம்ப நேரம் ஓட்டுகிறார்கள் என்று வையுங்கள். அழுத்தம் ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் இடைவெளி திறக்கவே திறக்காது. பம்ப் நன்றாக ஓடும். கேஜ் சரியாகக் காட்டும். ஃபில்டர் புதுசு. பின் மட்டும் வறண்டு, சூடேறி, புஷ்ஷோடு பிடித்துக்கொள்ளும். ஆகவே வால்வு உடைந்த மிஷினை "ஷிஃப்ட் முடியற வரைக்கும் ஓடட்டும்" என்று விடுவது ஆயில் விஷயத்திலும் ஆபத்து. வால்வு கவரைத் தொடாமல், புறங்கையை அதன் பக்கத்தில் காட்டிப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் உடனே சொல்லுங்கள்.

போனால் வராத ஆயில்

சிலிண்டருக்கு ஆயில் கொடுப்பது லூப்ரிகேட்டர். ஒரு பெட்டி, அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன பம்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி. ஒவ்வொரு பம்ப்பில் இருந்தும் ஒரு மெல்லிய குழாய் சிலிண்டருக்கோ, பிஸ்டன் ராடைச் சுற்றிக் காற்றை அடைக்கும் பேக்கிங்குக்கோ போகும். குழாய் சிலிண்டரைச் சேரும் இடத்தில் ஒரு செக் வால்வு, அது ஒரு பக்கம் மட்டுமே விடும். கண்ணாடிக்குள் சொட்டு விழுவதை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை என்று ஸ்க்ரூ திருப்பி வைக்கலாம். எத்தனை சொட்டு என்பது சிலிண்டரின் அளவு, வேகம், பிரஷரைப் பொறுத்தது, மேனுவலில் இருக்கும். புது ரிங் போட்டால் முதல் சில நாட்களுக்கு மட்டும் ஏறக்குறைய இருமடங்கு கொடுப்பார்கள்.

வேறு சில மிஷின்களில் ஒரே பம்ப், அதன் பின் ஒரு டிவைடர் பிளாக் இருக்கும். ஆயில் உள்ளே உள்ள சின்ன பிஸ்டன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி, ஒவ்வொரு இடத்துக்கும் அளந்து அனுப்பும். அதில் ஒரு குச்சி உள்ளே வெளியே போய்வந்துகொண்டிருக்கும். குச்சி நின்றால் எங்கோ அடைப்பு. ஒரு வழி அடைத்தாலே மொத்தமும் நின்றுவிடும் என்பது அதன் குணம், அதுவே அதன் பாதுகாப்பும்.

லூப்ரிகேட்டரில் இருந்து வரும் குழாயைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். செக் வால்வு பழுதானால் சிலிண்டரின் சூடான காற்று குழாய்க்குள் பின்வாங்கும். குழாய் சிலிண்டரை ஒட்டிய இடத்துக்கு வெளியேயும் சுட்டால் அதுதான் காரணம். கண்ணாடியில் குமிழி வந்தாலும் அதுவே.

இப்போது முக்கியமான விஷயம். போய்த் திரும்பும் ஆயில் பேரிங்குக்குத் தாராளமாகப் பாயலாம், சிலிண்டருக்குப் போகும் இந்த ஆயிலில் தாராளம் காட்டக் கூடாது. தோசைக்கல்லின் ஓரத்தில் பல நாள் எண்ணெய் கருகிக் கருகிக் கட்டியாகப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்திய காற்று வெளியேறும் டிஸ்சார்ஜ் வால்வில் நடப்பதும் அதேதான். 35 டிகிரிக் காற்றை ஒரே ஸ்டேஜில், அதாவது ஒரே தடவையில், 7 கிலோவுக்கு அழுத்தினால், குளிர்விக்காவிட்டால் கணக்குப்படி அது 280 டிகிரியைத் தாண்டும். ஜாக்கெட் தண்ணீரும் ஃபின்னும் அதைக் குறைக்கின்றன. இரண்டு ஸ்டேஜாகப் பிரித்து நடுவில் குளிர்வித்தால் ஒவ்வொரு ஸ்டேஜிலும் கணக்கு 140 டிகிரி அளவில் நிற்கும். இந்தச் சூட்டில் மிஞ்சிய ஆயில் எல்லாம் கருகிக் கார்பனாகும். கார்பன் வால்வு பிளேட்டை முழுதாக மூடவிடாது. வெளியே போன சூடான காற்று திரும்ப உள்ளே வந்து மறுபடி அழுத்தப்படும், சூடு இன்னும் ஏறும், இன்னும் கார்பன் கட்டும். ஒரு கட்டத்தில் டிஸ்சார்ஜ் பைப்பில் படிந்த கார்பனும் ஆயிலும் தீப்பிடிக்கும். கம்ப்ரஸர் பைப் வெடித்தது என்று சொல்லப்படும் விபத்துகள் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது. "ஒரு சொட்டு கூட வச்சா நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அளவு சரிதானா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. வால்வைக் கழற்றும் நாளில், மிஷின் நின்ற உடனே, இரண்டு சிகரெட் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, லேசாக அழுத்தி, சிலிண்டர் சுவரில் கொஞ்ச தூரம் துடைத்து எடுங்கள். சுவரை ஒட்டிய தாளில் மட்டும் ஆயில் ஊறியிருந்தால் அளவு சரி. இரண்டாவது தாளும் ஊறியிருந்தால் அதிகம். முதல் தாளே சரியாக நனையவில்லை என்றால் குறைவு. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று நான்கு இடத்தில் செய்யுங்கள். முக்கூடலும் ஆலங்குளமும் பீடி சுற்றும் ஊர்கள் என்றாலும் இதற்குப் பீடி இலை ஆகாது, மெல்லிய தாளேதான் வேண்டும்.

எந்த ஆயில்?

மேனுவலில் சொன்ன ஆயில். அவ்வளவுதான். ஆனாலும் டின் மேல் இருக்கும் எண்ணின் பொருள் தெரிந்திருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்றால் 40 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு சுமார் 100 அலகு. அதே ஆயில் 100 டிகிரியில் சுமார் 11 அலகுக்கு நீர்த்துவிடும். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் காற்றே இல்லாமல், கூலரில் தூசி அடைத்து ஓடும் மிஷினில் பிரஷர் ஏன் இறங்குகிறது என்பதற்கு இதுவே விடை. பிஸ்டன் ஏர் கம்ப்ரஸருக்கு வி.ஜி. 100 அல்லது 150 வழக்கம், அம்மோனியாவுக்கு 68 பரவலாகப் போடுவார்கள். லாரிக்கு ஊற்றும் இஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளச் சேர்க்கும் மருந்து, தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸருக்கோ தண்ணீர் சீக்கிரம் பிரிந்து அடியில் இறங்க வேண்டும்.

டிரம்மை வெளியே நிமிர்த்தி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் மூடியின் மேல் தண்ணீர் தேங்கும், பகலில் சூடேறி இரவில் குளிரும்போது டிரம் மூச்சு இழுத்து அந்தத் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்கவைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் வரும்படி உருட்டி, கட்டை கொடுத்து வையுங்கள்.

ஆயில் மாற்றுவது

மெயின் சுவிட்சை ஆஃப் செய்து, ஃபியூஸை எடுத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டேங்கிலும் லைனிலும் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஏதாவது சூடேறி நின்ற மிஷின் என்றால் கிராங்க் பெட்டிக் கதவை உடனே திறக்கக் கூடாது. உள்ளே ஆயில் ஆவி நிற்கும், காற்று புகுந்தால் வெடிக்கலாம். ஆறும் வரை, குறைந்தது கால் மணி நேரம், விலகி நில்லுங்கள்.

வழக்கமாக மாற்றுவது என்றால் ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடியுங்கள், அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். வடித்ததை ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கருப்பட்டிக் காப்பி நிறம் என்றால் பயமில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். மழைமாதத்தில் விட்டு விட்டு ஓடும் மிஷினில் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகும். கூலரில் ஓட்டை இருந்தாலும் இப்படி ஆகும். இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்றால் மண். தட்டில் வெயில் படும்படி சாய்த்தால் வெள்ளிப்பொடி மாதிரி மின்னினால் பேரிங்கின் உள்பூச்சான ஒயிட் மெட்டல். காந்தம் வைத்தால் ஒட்டுவது இரும்பு. இந்த இரண்டில் எது தெரிந்தாலும் புது ஆயில் ஊற்றி மறைத்துவிடாதீர்கள், பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சம்ப்பைத் துணியால் துடைத்து, ஸ்ட்ரெயினரைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, வலை வழியாகப் புது ஆயிலை ஊற்றுங்கள். கையால் சுற்றிவிட்டு, லோடு இல்லாமல் ஓட்டி, நிறுத்தி, மறுபடி லெவல் பாருங்கள். ஃபில்டரும் கூலரும் குடித்த அளவு குறைந்திருக்கும். புது மிஷினுக்கும் முழுதும் பிரித்து ஓவர்ஹால் செய்த மிஷினுக்கும் முதல் மாற்றம் சீக்கிரம், சின்னதற்கு 50 முதல் 100 மணி நேரத்திலேயே. அதன்பின் மேனுவல் சொல்கிறபடி. பழைய ஆயிலைச் சாக்கடையிலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். இங்கே எந்த ஓடையும் கடைசியில் ஒரு குளத்துக்கோ ஆற்றுக்கோதான் போய்ச் சேர்கிறது, அதே தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம்.

ஆடிக்காற்றும் தேரி மண்ணும்

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது தனியாக. தேரியின் செம்மண்ணில் நிறைய இருப்பது குவார்ட்ஸ் மணல், சாதாரண இரும்பைக் கீறும் கடினம் அதற்கு உண்டு. ஆனியிலும் ஆடியிலும் காற்றடிக்கும்போது அந்தப் பொடி சக்ஷன் ஃபில்டரைத் தாண்டினால், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலோடு கலந்து சாணைபிடிக்கும் பசை ஆகிவிடும். எவ்வளவு நல்ல ஆயில் போட்டாலும் ரிங் தேயும். அந்த இரண்டு மாதமும் சக்ஷன் ஃபில்டரை வழக்கத்தைவிடப் பாதி நாளுக்குள் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கிராங்க் பெட்டி மூச்சு விடும் பிரீதரையும் கழுவுங்கள். அது அடைத்தால் உள்ளே பிரஷர் கூடி ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கசியும். சீலை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்கள் பலர் கடைசியில் பிரீதரைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

லாக் புக்கில் ஆயில் பிரஷர், ஆயில் சூடு, ஒவ்வொரு ஸ்டேஜின் டிஸ்சார்ஜ் சூடு, லூப்ரிகேட்டர் சொட்டு என்று கட்டம் போட்டிருப்பார்கள். பல இடங்களில் ஒரு கட்டம் இருக்காது, நீங்களே ஓரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: இன்று எத்தனை லிட்டர் ஊற்றினேன். கிராங்குக்கு எத்தனை, லூப்ரிகேட்டருக்கு எத்தனை என்று தனித்தனியாக. வாரம் முழுக்க தினமும் அரை லிட்டர் குடித்த கிராங்க் பெட்டி வெள்ளிக்கிழமை ஒன்றரை லிட்டர் கேட்டால் வைப்பர் ரிங்கைப் பாருங்கள், சின்ன மிஷின் என்றால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். ஆயில் ஊற்றாமலே லெவல் ஏறியிருந்தால் உள்ளே வந்தது பெரும்பாலும் தண்ணீர். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருபவரிடம் அந்த எண்ணை வாயாலும் ஒரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.